நர்ஸின் தவறா, நிர்வாகத்தின் தவறா? பராமரிப்பில் நேரும் கேடுகளும் சட்டப் பொறுப்பும்

மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ நம்மவர் ஒருவருக்குக் கேடு நேர்ந்தால் வாயில் முதலில் வரும் கேள்வி "யார் செய்தது?" என்பதுதான். எந்த நர்ஸ் ஊசி போட்டார், ராத்திரி டியூட்டியில் யார் இருந்தார், கூப்பிட்டபோது வராமல் போனவர் யார் என்று தேடுவோம். அது இயல்பு. சட்டம் வேறு இடத்தில் தொடங்குகிறது. இந்த நோயாளியைக் காக்கும் கடமை யார் யாருக்கு இருந்தது, அந்தக் கடமையை அவர்கள் எப்படி நிறைவேற்றினார்கள் என்று கேட்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றவை எல்லாம் எளிதாக விளங்கும்.

இங்கிலாந்தில் 1951இல் தீர்ப்பான வழக்கு ஒன்று. ஒருவருக்குக் கையில் இரண்டு விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அதைச் சரிசெய்ய ஆபரேஷன் செய்து, கையை மட்டையோடு சேர்த்துக் கட்டி, சுமார் இரண்டு வாரம் அப்படியே வைத்திருந்தார்கள். வலி தாங்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வலிக்கு மருந்து கொடுத்தார்களே தவிர, ஏன் இவ்வளவு வலி என்று யாரும் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை. பிரித்தபோது நான்கு விரல்களும் விறைத்து, கையே பயன்படாமல் போயிருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரா, வார்டைப் பார்த்துக்கொண்ட இளம் டாக்டரா, நர்ஸ்களா, யாருடைய தவறு என்று அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அவர் சுட்டிக்காட்டத் தேவையில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பார்த்துக்கொண்ட அத்தனை பேரும் மருத்துவமனையின் ஆட்கள். இரண்டு விரலைக் குணப்படுத்திக்கொள்ள வந்தவர் நான்கு விரல் விறைத்துத் திரும்பியிருக்கிறார். கவனமாக இருந்தும் இது எப்படி நடந்தது என்று மருத்துவமனைதான் விளக்க வேண்டும் என்பது நீதிபதி டென்னிங்கின் வாதம். மருத்துவமனையால் விளக்க முடியவில்லை.

இந்த இடத்துக்குச் சட்டம் சுலபமாக வந்துசேரவில்லை. 1909இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், தகுதியான ஆட்களைத் தேர்ந்தெடுத்து வைப்பதோடு மருத்துவமனையின் கடமை முடிந்தது, ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதும் நர்ஸ்கள் சர்ஜனின் கட்டளைக்குக் கீழே வந்துவிடுகிறார்கள் என்று சொல்லியிருந்தது. அந்தச் சிந்தனை தேய்ந்து மறைய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இன்று ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் பொதுவான நிலை இதுதான்: வேலை நேரத்தில், வேலையின் பகுதியாக ஊழியர் செய்யும் தவறுக்கு, அவரை வேலைக்கு வைத்த நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். "அவர் ஏஜென்சி மூலம் வந்த தற்காலிக நர்ஸ், எங்கள் ஆள் இல்லை" என்ற பதிலும் முன்போல எடுபடுவதில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத ஒருவரை உன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், வேலையை வேறொருவரிடம் கொடுக்கலாம், கடமையைக் கை கழுவ முடியாது என்று 2013இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அது ஒரு பள்ளி மாணவியின் நீச்சல் வகுப்பு பற்றிய வழக்கு. ஆனால் நோயாளிகளையும் பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர்களையும் நீதிமன்றம் அதே வரிசையில் சேர்த்தே பேசியது.

இதனால் நர்ஸ் தப்பித்துவிடுகிறார் என்று அர்த்தமில்லை. அவருடைய பொறுப்பு அவருக்கு இருக்கவே செய்கிறது. நிறுவனத்தின் பொறுப்பு அதோடு கூடுதலாகச் சேர்கிறது.

வழக்கு நிற்க எதையெல்லாம் காட்ட வேண்டும்?

இழப்பீடு கேட்கும் வழக்கில் காட்ட வேண்டியவை நான்கு: கடமை இருந்தது, அதில் தவறினார்கள், அந்தத் தவறினால்தான் கேடு வந்தது, கேடு உண்மையானது. முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. அட்மிட் செய்துகொண்ட நொடியிலேயே கடமை வந்துவிடுகிறது. கேடு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் நடுவில் உள்ள இரண்டில்தான்.

"தவறினார்கள்" என்பதை எதை வைத்து அளப்பது? 1957இல் இங்கிலாந்தில் வந்த போலம் வழக்கின் அளவுகோல் இன்றும் பல நாடுகளில் பேசப்படுகிறது: அந்தத் தொழிலில் தேர்ந்த சாதாரண மனிதர் ஒருவர், பொறுப்பான சக தொழிலர்கள் ஏற்றுக்கொள்ளும் முறையில் நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது. உலகின் மிகச் சிறந்த நர்ஸாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நாலு பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது மட்டும் போதாது, அந்த வழக்கம் யோசித்துப் பார்த்தால் நியாயமாக நிற்க வேண்டும் என்று 1997இல், அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒரு வரம்பையும் போட்டது. "எங்கள் வார்டில் எப்போதும் இப்படித்தான்" என்று சொல்பவர்களுக்கு அது முக்கியமான வரம்பு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அளவுகோல் பதவிக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. "வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது" என்பது மனிதருக்கு மனிதர் இரக்கப்பட வேண்டிய காரணம்தான். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அனுபவசாலி நர்ஸ் அமைவதும் புதியவர் அமைவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று சட்டம் விட்டுவிடாது. புதியவருக்குத் தெரியாவிட்டால் மூத்தவரைக் கேட்பது அவர் கடமை. கேட்க ஒரு மூத்தவரை வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை.

அடுத்தது, தவறுக்கும் கேட்டுக்கும் உள்ள தொடர்பு. இங்கேதான் பல குடும்பங்கள் மனமுடைந்துபோகின்றன. 1960களில் இங்கிலாந்தில் மூன்று இரவுக் காவலர்கள் தேநீர் குடித்துவிட்டு வாந்தி எடுத்தபடி அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டருக்கும் அன்று உடம்பு சரியில்லை. வந்து பார்க்காமல், வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லுங்கள், அவரவர் டாக்டரைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். சில மணி நேரத்தில் மூவரில் ஒருவர் இறந்துபோனார். தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. டாக்டர் வந்து பார்க்காதது தவறு என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் விதவை மனைவிக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. அப்போதே பார்த்து அட்மிட் செய்திருந்தாலும் சரியான மருந்து நேரத்துக்குள் கிடைத்திருக்காது, எப்படியும் இறந்திருப்பார் என்பது நிரூபணமானது. தவறு இருக்கிறது, மரணம் இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் கண்ணி இல்லை. படிக்கவே மனசுக்கு ஒப்பாத தீர்ப்பு. ஆனால் வக்கீலிடம் போகும்முன் இந்த ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வது நல்லது: அவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தால் என்ன மாறியிருக்கும்?

அதே சமயம், "ஏற்கனவே உடம்பு முடியாதவர்தானே" என்ற சமாதானத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே அவரை ஏற்க வேண்டும் என்பது பழைய சட்டக் கொள்கை. எலும்பு பலவீனமானவர் என்பதாலேயே அவரைக் கூடுதல் கவனத்தோடு தூக்கியிருக்க வேண்டும். பலவீனம் கடமையைக் கூட்டுகிறது, குறைப்பதில்லை.

மருந்தில் நேரும் பிழை

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். நர்ஸிங் படிப்பில் சேர்ந்த புதிதிலேயே மனப்பாடம் ஆகும் ஐந்து இவை. பிழைகள் பெரும்பாலும் இவற்றில் ஒன்று நழுவுவதால் வருகின்றன.

இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்த்த வழக்கு ஒன்றில் பெரும்பாலும் எல்லாமே நழுவியிருந்தன. டைபாய்டு காய்ச்சலுக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தை அது. டாக்டர் எழுதியது குளோரோமைசெட்டின் ஊசி. நர்ஸ் அப்பாவிடம் வாங்கி வரச் சொன்னது லாரியாகோ, அதாவது மலேரியாவுக்கான குளோரோகுயின். பெயரின் ஒலி ஒட்டி வருவதுகூட இல்லை. அப்பா வாங்கி வந்தார், நர்ஸ் அதை நரம்பில் ஏற்றினார், குழந்தையின் இதயம் நின்றது. உயிர் திரும்பியது, மூளை திரும்பவில்லை. விசாரணையில் தெரிந்தது, அந்த நர்ஸ் தகுதி பெற்றுப் பதிவு செய்தவரே அல்ல. குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும், பெற்றோர் அனுபவித்த மன வேதனைக்கு 5 லட்சம் ரூபாயும் தரவேண்டும் என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பணம் கொடுத்துச் சிகிச்சைக்குச் சேர்த்த பெற்றோரும் நுகர்வோரே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது பின்னால் வந்த பல குடும்பங்களுக்கு உதவியது.

ஊசியைப் போட்டது நர்ஸ்தான். ஆனால் தகுதியில்லாதவரை அந்த வேலையில் வைத்தது யார்? டாக்டர் தானே செய்ய வேண்டியதையோ, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதையோ அவரிடம் விட்டது யார்? இதனால்தான் கடமையிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னேன். கையிலிருந்து தொடங்கினால் விசாரணை அந்தக் கையோடு நின்றுவிடும்.

இன்னொரு வழக்கு, அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில். 2017 டிசம்பரில் ஸ்கேனுக்காகக் காத்திருந்த 75 வயது நோயாளிக்குப் பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. மருந்து அலமாரி கணினியோடு இணைந்தது. நர்ஸ் பிராண்டு பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை (VE) தட்டினார். அலமாரியிலோ அந்த மருந்து மிடாசோலம் என்ற பொதுப் பெயரில் இருந்தது. பெயர் வராததால், பாதுகாப்புக் கட்டுப்பாட்டைத் தாண்டும் வசதியைப் பயன்படுத்தித் தேடினார். அதே எழுத்துகளில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. மூடியிலேயே எச்சரிக்கை அச்சாகியிருந்தது. ஒன்று திரவம், மற்றது கரைத்துக் கொடுக்க வேண்டிய தூள். எதுவும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. ஊசி போட்ட பிறகு நோயாளியைக் கண்காணிக்கவும் யாரும் இல்லை. அவர் மறுநாள் இறந்தார்.

மருத்துவமனை குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. நர்ஸின் உரிமம் போனது. 2022இல் ஜூரி அவரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளி என்று தீர்மானித்தது. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனையாக வந்தது. குற்றவியல் வழக்கு மருத்துவமனை மேல் பாயவில்லை. அமெரிக்கா முழுவதும் நர்ஸ்கள் கொதித்தார்கள். தவறை ஒப்புக்கொண்டவரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தால், நாளை யார் தன் தவறை வாய்விட்டுச் சொல்வார்கள் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. 2024இல் கென்டக்கி மாநிலம், வேண்டுமென்றோ படுமோசமான அசட்டையாலோ நேராத மருத்துவத் தவறுகளுக்குக் குற்ற வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அந்த நர்ஸ் குற்றமற்றவர் என்று நான் நினைக்கவில்லை. எச்சரிக்கையைப் படித்திருக்க வேண்டும், கூடவே இருந்திருக்க வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டைத் தாண்டுவது அந்த வார்டில் அன்றாட வழக்கமாகியிருந்தது என்ற வாதம் அவர் தரப்பில் வைக்கப்பட்டதே, அதற்கு நிர்வாகமும் பதில் சொல்லும் இடம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

"டாக்டர் சொன்னார்" என்பது எவ்வளவு தூரம் காக்கும்?

நர்ஸ் என்றால் சொன்னதைச் செய்பவர் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. சட்டம் அந்த எண்ணத்தைக் கடந்து வெகுநாள் ஆகிறது. 1965இல் அமெரிக்காவின் இலினாய் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்து விளையாடும்போது 18 வயதுப் பையனுக்குக் கால் முறிந்தது. டாக்டர் மாவுக்கட்டு போட்டார். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்விரல்கள் முதலில் வீங்கின, அப்புறம் கறுத்தன, பிறகு தொட்டால் சில்லென்று உணர்ச்சியற்றுப் போயின. வலி தாளவில்லை. நாட்கள் போகப் போக அறையில் நாற்றம் வீசியது. நர்ஸ்கள் இதையெல்லாம் பார்த்தார்கள். கடைசியில் வேறு மருத்துவமனைக்கு மாற்றியும் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

நீதிமன்றம் சொன்னது இது: விரல்களில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று தேவையான அளவு அடிக்கடி சோதிப்பது நர்ஸ்களின் வேலை. அது நின்றுபோவதைத் தேர்ந்த நர்ஸ் உடனே கண்டுகொள்வார். கண்டுகொண்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் ஒன்றும் செய்யாவிட்டால் அவரைத் தாண்டி நிர்வாகத்திடம் போக வேண்டும். டாக்டரின் வேலையைச் சரிபார்க்காமலும், வேறு நிபுணரைக் கலந்துகொள்ளச் சொல்லாமலும் விட்ட மருத்துவமனை தன் சொந்தக் கடமையில் தவறியது என்று ஜூரி முடிவு செய்ய இடம் உண்டு.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஊழியர் தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பதைத் தாண்டி, நிறுவனத்துக்கென்றே நேரடியான கடமை உண்டு என்று அது சொல்கிறது. தகுதி பார்த்து ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, ஒரு ஷிப்டுக்குப் போதுமான ஆட்களை நிறுத்துவது, கருவிகள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது எல்லாம் அதில் வரும். அதேபோல, டாக்டர் எழுதிய டோஸ் பத்து மடங்கு அதிகம் என்று படித்த நர்ஸுக்குத் தெரிய வேண்டிய இடத்தில், "எழுதியிருந்தது, கொடுத்தேன்" என்பது முழுக் கவசம் ஆகாது. கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். கேட்டதை எழுதி வைக்க வேண்டும்.

அசட்டை என்பது வேறு வகை

மேலே சொன்னவை பெரும்பாலும் ஒரு கணத்தில் நடப்பவை. பராமரிப்பு இல்லங்களில் நடப்பது பல நேரங்களில் அப்படி அல்ல. அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை என்பதுதான் கேடு. நேற்றும் செய்யவில்லை, இன்றும் செய்யவில்லை. தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அழைப்பு மணி அடிக்கிறது, யாரும் வரவில்லை. ஈரத் துணி மாற்றாமல் கிடக்கிறது.

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அசட்டை உடம்பில் எழுதும் கையெழுத்து அது. நாம் தூங்கும்போதுகூட அறியாமலே புரண்டு படுக்கிறோம். பக்கவாதம் வந்தவர், நினைவு தப்பியவர், இடுப்பு முறிந்தவர் புரள முடியாது. உடம்பின் எடை முழுவதும் வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் என்று சில இடங்களில் இறங்குகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கிய தசைக்கு ரத்தம் போவது நிற்கிறது. முதலில் தெரிவது வெறும் சிவப்பு. விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் சாதாரணச் சிவப்பு ஒரு நொடி வெளுக்கும். இது வெளுக்காது. அதுதான் முதல் நிலை, தோல் இன்னும் கிழியவில்லை. இந்தக் கட்டத்தில் எடை படாமல் திருப்பி வைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். விட்டால் தோல் உரிந்து, குழியாகி, நான்காம் நிலையில் எலும்பு தெரியும். அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிரே போகும்.

யாருக்கு இது வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க முடியும். 1987இல் வெளிவந்த பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், உணவு, உராய்வு ஆகிய ஆறையும் பார்த்து மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் போட்ட பிறகு திட்டம் வர வேண்டும்: எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது, எந்த மெத்தை, எவ்வளவு புரதம். அமெரிக்கா 1987இல் கொண்டுவந்த பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டமும் அதன் விதிகளும் இந்தத் தர்க்கத்தையே பிடித்துக்கொள்கின்றன. புண் இல்லாமல் உள்ளே வந்தவருக்கு, மருத்துவக் காரணத்தால் தவிர்க்க முடியாதது என்று காட்டினால் ஒழிய, புண் வரக்கூடாது. எனவே, மதிப்பெண்ணே போடவில்லை, போட்டும் திட்டம் இல்லை, திட்டம் இருந்தும் யாரும் திருப்பவில்லை என்ற மூன்றில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால், "வயசானவர், படுத்த படுக்கை, புண் வரத்தான் செய்யும்" என்ற பதில் நிற்காது.

உடல் எடைக் குறிப்பும் இப்படித்தான் பேசும். மாதாமாதம் எடை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, யாரும் உணவு நிபுணரைக் கூப்பிடவில்லை, சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பியதை எழுதிய நர்ஸின் குறிப்பை யாரும் படிக்கவில்லை என்றால் அது ஒரு ஆளின் மறதி அல்ல, ஒரு நிறுவனம் நடத்தப்படும் விதம்.

கீழே விழுவது கொஞ்சம் சிக்கலான விஷயம். எல்லா விழுதலும் அசட்டை ஆகாது. நடக்க முடிகிறவரை நடக்க விடுவதும் பராமரிப்பின் பகுதிதான். விழுந்துவிடுவாரே என்று கட்டிலோடு கட்டிப்போடுவதும், அமைதியாக இருக்கட்டும் என்று தூக்க மருந்து கொடுத்து மயக்கி வைப்பதும் தனிக் குற்றங்களாகவே ஆகலாம். மேலே சொன்ன அமெரிக்கச் சட்டம், ஒழுங்குபடுத்துவதற்காகவோ ஊழியரின் வசதிக்காகவோ உடலையும் மனதையும் கட்டிப்போடும் எதிலிருந்தும் விடுபட்டிருக்கும் உரிமையைத் தருகிறது. கேள்வி எப்போதும் இதுதான்: இவர் விழக்கூடும் என்று தெரிந்திருந்ததா, தெரிந்து என்ன ஏற்பாடு செய்தார்கள்?

"ஆள் பற்றாக்குறை" என்ற பதில் அடிக்கடி வரும். நர்ஸைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. முப்பது பேரை ஒருவரே பார்க்கும் இரவில் எல்லாரையும் நேரத்துக்குத் திருப்ப முடியாது. அவர் செய்ய வேண்டியது, முடியவில்லை என்பதை மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. நிர்வாகம் அதே பதிலைச் சொன்னால் அது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஆள் போடுவது அவர்கள் கையில்தானே இருக்கிறது? முதியோர் பராமரிப்பு பற்றிய ராயல் கமிஷன் 2021இல் அறிக்கை தந்த பிறகு, ஆஸ்திரேலியா இதை நிமிடக் கணக்கில் எழுதிவிட்டது. 2024 அக்டோபர் முதல் இல்லங்கள் சராசரியாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 215 நிமிடப் பராமரிப்பு தர வேண்டும், அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸினுடையதாக இருக்க வேண்டும்.

குற்றம் ஆவது எப்போது?

பணமாக இழப்பீடு கேட்பதற்குச் சாதாரணக் கவனக்குறைவே போதும். ஜெயில் தண்டனைக்கு அது போதாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் அந்தக் கோட்டை அழுத்தமாக வரைந்தது. நோயாளிக்கு மூச்சு முட்டியபோது வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பது அதில் புகார். மருத்துவமனை இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம். ஆனால் டாக்டர்களைக் குற்றவாளிகளாக்க அதைவிட மிக மோசமான அசட்டை வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

அசட்டைக்கென்றே தனிக் குற்றம் வேண்டும் என்று முடிவெடுத்த நாடு இங்கிலாந்து. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் அழுக்குத் துணியில் கிடந்ததையும், தண்ணீர் எட்டாமல் தவித்ததையும் 2013இல் பொது விசாரணை அறிக்கை விரிவாக எடுத்துச்சொன்னது. 2015இல் வந்த சட்டப்படி, தன் பராமரிப்பில் உள்ளவரைத் துன்புறுத்தினாலோ தெரிந்தே அலட்சியப்படுத்தினாலோ ஊழியருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. கேடு விளைந்தது என்று காட்டக்கூடத் தேவையில்லை. அதே சட்டம், நடத்தும் விதமே படுமோசமாக இருந்து அதனால் இது நடந்தால், நிறுவனத்தையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

இவை தவிர, நர்ஸிங் கவுன்சிலிடம் தனியாகப் புகார் செய்யலாம். அங்கே பணம் கிடைக்காது. அந்த ஆள் தொடர்ந்து இந்த வேலையில் இருக்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி.

காகிதம்தான் பேசும்

நோயாளி பேச முடியாதவர். குடும்பம் அங்கே இருக்கவில்லை. ஊழியருக்கு ஞாபகம் இல்லை. மிஞ்சுவது கேஸ் ஷீட், மருந்து சார்ட், திருப்பிப் படுக்க வைத்த நேரக் குறிப்பு, குடித்த நீர் வெளியேறிய நீர் கணக்கு, ஷிப்ட் மாறும்போது ஒப்படைத்த குறிப்பு. எழுதாதது நடக்காதது என்று நர்ஸ்களுக்குச் சொல்லித் தருவார்கள். நீதிமன்றமும் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கும்.

எழுதியதும் சில நேரம் எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எல்லாக் கட்டங்களிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே கையெழுத்தின் ஒரே அவசரம் இருந்தால், காலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது என்று நர்ஸிங் நிபுணர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். நோயாளி எக்ஸ்ரேக்கு வெளியே போயிருந்த நேரத்திலும் "இடப்பக்கம் திருப்பப்பட்டார்" என்று டிக் இருந்தால் முழு சார்ட்டின் நம்பகத்தன்மையும் போய்விடும். பின்னால் திருத்துவது தவறைவிடப் பெரிய தவறு. கணினிப் பதிவென்றால் எப்போது, யார் கணக்கிலிருந்து மாற்றியது என்பது பெரும்பாலும் உள்ளேயே பதிந்திருக்கும்.

அதனால் சந்தேகம் வந்த உடனே ஆவணங்களின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புண் இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுங்கள். எந்த நாள் எந்த நேரத்தில் யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று அன்றன்றே எழுதுங்கள். மரணத்தில் சந்தேகம் இருந்தால், மனசு எவ்வளவு மறுத்தாலும், பிரேதப் பரிசோதனையைப் பற்றி யோசியுங்கள். காரணத்தை இணைக்கும் கண்ணி பல வழக்குகளில் அங்கேதான் கிடைக்கிறது அல்லது தொலைகிறது.

சேரும்போது "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கியிருக்கலாம். அதைப் பார்த்து முயற்சியைக் கைவிட வேண்டாம். கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் உடற்கேட்டுக்கும் உள்ள பொறுப்பை ஒப்பந்தத்தால் ஒதுக்கிவிட முடியாது என்று இங்கிலாந்து 1977லேயே சட்டம் போட்டது. ஒரு நிறுவனம் மன்னிப்புக் கேட்டால் அதை ஏற்றுக்கொள்ளவும் தயங்க வேண்டாம், கேட்பவர்களும் தயங்க வேண்டாம். மன்னிப்புக் கேட்பது மட்டுமே பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது என்று 2006இன் இன்னொரு இங்கிலாந்துச் சட்டம் சொல்கிறது. என்ன நடந்தது என்று யாராவது நேராகச் சொல்லியிருந்தாலே வழக்கு வேண்டாம் என்றிருக்கும் குடும்பங்கள் உண்டு.

இழப்பீட்டுத் தொகை பற்றி ஒரு கசப்பான உண்மை. பல இடங்களில் தொகையின் பெரும்பகுதி இழந்த வருமானத்தைக் கணக்கிட்டு வருகிறது. 85 வயதுப் பாட்டிக்கு வருமானம் இல்லை. எனவே அவர் பட்ட வலிக்கும் அவமானத்துக்கும் மட்டுமே விலை போடுகிறார்கள், அது குறைவாகவே வருகிறது. மிகவும் பலவீனமானவருக்கு இழைக்கும் கேடே மிகவும் மலிவாக முடிவது நியாயமே அல்ல. பணத்தால் வரும் அழுத்தம் போதாத இந்த இடத்தில்தான் உரிமம் வழங்கும் அதிகாரிகளின் சோதனையும் குற்றவியல் சட்டமும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

கடைசியாகக் காலக்கெடு. இங்கிலாந்தில் பொதுவாக மூன்று ஆண்டு, அதுவும் கேடு நடந்த நாளிலிருந்தோ, அதைப் பற்றி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மனநிலையில் இருப்பவருக்குப் பல நாடுகளில் இந்தக் கடிகாரம் ஓடாது, குழந்தைகளுக்கும் வயது வரும்வரை பெரும்பாலும் ஓடாது. ஆனால் அவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்குக் கணக்கு வேறு மாதிரி தொடங்கும். துக்கம் ஆறட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்தத் தேதியை மட்டுமாவது ஒரு வக்கீலிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் நிதானமாக முடிவு செய்யலாம்.